அண்ணன் அச்சடித்த ஆர்க்கெஸ்ட்ரா

என் அண்ணன் மகளின் கல்யாண விருந்து அழைப்பிதழில், பெரியவர்கள் பெயர்களுக்கெல்லாம் கீழே ஓரமாக ஒரு வரி இருந்தது: ‘ஆர்க்கெஸ்ட்ரா உண்டு.’ எந்த ஆர்க்கெஸ்ட்ரா என்று அண்ணனிடம் கேட்டேன்.

“உன்னோடதுதான். வீட்டுலயே ஆள் இருக்கும்போது வெளிய எதுக்கு லா தேடணும்?” என்றார். அழைப்பிதழ்கள் பாதி ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.

இதில் வேடிக்கை என்னவென்றால், அண்ணன் என் ஆர்க்கெஸ்ட்ராவை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பினாங்கின் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவில் நான் பல வருஷமாக வயோலா வாசிக்கிறேன். ஒவ்வொரு கச்சேரிக்கும் அண்ணனை அழைப்பேன். அவர் கடலுக்கு அந்தப் பக்கம், சிம்பாங் அம்பாட்டிலிருந்து பாலம் தாண்டி வரவேண்டும். ஒரு தடவை பாலத்தில் ஜாம், ஒரு தடவை காடி சர்வீஸுக்குப் போயிருக்கிறது, ஒரு தடவை மழை வருகிற மாதிரி இருக்கிறது. மழை வரவே இல்லை. எனக்கு அதெல்லாம் உறைக்காது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். நன்றாகவே உறைக்கும். அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று பார்வையாளர் வரிசையில் உட்கார வேண்டியவர் அவர் ஒருவர்தான்.

நம் ஆட்களிடம் ஆர்க்கெஸ்ட்ரா என்று சொன்னால் என்ன நினைப்பார்கள் என்று தெரியும். கீபோர்டு, டிரம்ஸ், பளபளக்கும் சட்டையில் ஒரு பாடகர், “கைதட்டல் பத்தல” என்று மிரட்டும் ஒரு பாடகி. எங்களிடம் இதில் எதுவுமே கிடையாது. கறுப்பு உடுப்புப் போட்டுக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்து, எப்போதோ ஐரோப்பாவில் விக் வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் எழுதியதை வாசிப்போம். பாட்டு கிடையாது. பாட ஆளும் கிடையாது.

இந்தக் குழு பிறந்தது ஒரு பல் டாக்டர் வீட்டு வரவேற்பறையில். டாக்டர் சீனர். ஆயுள் முழுக்க வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் பேச முடியாதவர்களிடமே பேசிப் பழகியவர், அதனால் எங்களை நடத்தும் வேலை அவருக்கு இயல்பாகவே வந்தது. கூடவே பள்ளி ஆசிரியர்கள் சிலர், ஆள் உயர டபுள் பேஸ் வாத்தியம் வைத்திருந்த ஒரு வழக்கறிஞர். அந்த டபுள் பேஸ் நுழையும்படியான காடி மட்டும் அவரிடம் இல்லை. தொட்டி மீன்கள் இரை எடுக்க மறுக்கின்றன என்று டாக்டரின் மனைவி புகார் சொல்ல, குழு ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடிக்கு இடம்பெயர்ந்தது. கீழே கோப்பிக்கடை. சாயங்காலமானால் அங்கே குவே தியாவ் நூடுல்ஸ் பிரட்ட ஆரம்பிப்பார்கள். அந்த வாசனை படியேறியதும் எங்கள் வேகம் தானாகக் கூடும். டாக்டர் ஸ்டாண்டைத் தட்டித் தட்டி அலுத்துப்போவார்.

சிறு அறையில் வாசிக்கும் குழு என்பதற்காக வைத்த சேம்பர் என்கிற சொல்லாலும் ஒரு கூத்து நடந்தது. ஒரு நாள் முழுக்கைச் சட்டை போட்ட ஓர் ஐயா மேலே ஏறி வந்து, ஒத்திகை முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் லாரி லைசென்ஸ் விஷயமாக யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். சேம்பர் என்றால் வர்த்தக சங்கம் என்று நினைத்திருக்கிறார். வழக்கறிஞர் அவருக்கு வழி சொல்லி அனுப்பினார். அடுத்த வாரமும் அவர் வந்தார். லைசென்ஸ் கிடைத்த பிறகும் வந்துகொண்டிருக்கிறார்.

வயோலாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது வயலினுக்கு அக்கா. கொஞ்சம் பெரிய உடம்பு, கொஞ்சம் கட்டைக் குரல். வீட்டு வேலை முழுவதையும் அக்கா செய்வாள், பெயர் தங்கைக்குப் போகும். வால்ட்ஸ் என்கிற நடன இசை வாசித்தால் மெட்டு வயலினுக்கு. மூன்று அடியில் முதல் அடி டபுள் பேஸுக்கு. மிச்சமிருக்கும் இரண்டு அடி எங்களுக்கு. ம், சக், சக். ம், சக், சக். முடிகிறவரை அதேதான். நாங்கள் இல்லாவிட்டால் ஏதோ குறைகிறது என்று தெரியும். நாங்கள் இருப்பது யாருக்கும் தெரியாது.

ஒத்திகையில் டாக்டரிடம் கல்யாண விஷயத்தைச் சொல்லும்போது அவர் மறுத்துவிடுவார் என்றே நம்பினேன். விருந்தில் என்ன சாப்பாடு என்று கேட்டார். மட்டன் வறுவல் என்றேன். செல்லோக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஒரு பகுதி முடிந்து அடுத்த பகுதி தொடங்குவதற்குள் யாரும் கைதட்டக் கூடாது. அவருக்கு அது உயிர்.

நான் அண்ணனிடம் போய் முதலில் நிபந்தனையைச் சொன்னேன்.

“கல்யாண வீட்டுல கைதட்டாம எப்படி? அது என்ன சாவு வீடா?” என்றார்.

“அண்ணே, இன்னொண்ணு. எங்கள்ல பாடகர் கிடையாது.”

“லேட்டா வருவாரா?”

“வரவே மாட்டாரு. யாரும் பாட மாட்டாங்க. வாசிக்க மட்டும்தான் செய்வோம்.”

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். “சரி பரவால்ல. நீ ரெண்டு பாட்டு பாடிரு,” என்றார்.

பக்கத்தில் இருந்த அண்ணி, எங்களுக்கு யார் தலைமை என்று விசாரித்தார். கண்டக்டர் என்றேன். “பஸ்லயே இப்ப கண்டக்டர் இல்லையே,” என்று ஆச்சரியப்பட்டார்.

அன்று வாசல்வரை வந்து வழியனுப்பிய அண்ணன் மகள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அத்தை, அவங்க வீட்டுல எல்லாரும் டான்ஸ் ஆட ரெடியா இருக்காங்க. பாட்டு இல்லன்னா எங்க அப்பாவ காலம் பூரா கிண்டல் பண்ணுவாங்க. ஏதாச்சும் பண்ணுங்க அத்தை,” என்றாள். மாப்பிள்ளை வீட்டார் ஜுருவில் காடி வியாபாரம் செய்பவர்கள். சத்தத்துக்குப் பழகியவர்கள்.

விருந்தன்று மண்டபத்தில் எங்களை மேடையில் ஏற்றினார்கள். பின்னால் மணமக்களின் முதல் எழுத்துகள் விளக்கில் மின்னிக்கொண்டிருந்தன. அறிவிப்பாளர் தம்பி எங்கள் கறுப்பு உடுப்பை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “இதோ, நீங்கள் ஆவலோடு எதிர்பார்த்த ஆர்க்கெஸ்ட்ரா” என்று முழங்கினார். மண்டபம் விசிலடித்தது. டாக்டர் குனிந்து வணங்கி, இருப்பதிலேயே மெதுவான ஒன்றைத் தொடங்கினார்.

யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. கரண்டிச் சத்தம் எங்களை மூழ்கடித்தது. நடுவில் ஒரு வெள்ளை நிற காடியை வழியிலிருந்து எடுக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. விருந்தினர்கள் தங்களுக்கு வேண்டிய சினிமாப் பாட்டின் முதல் வரியை டிஷ்யூ பேப்பரில் எழுதி ஒவ்வொருவராக மேடைக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. பாராட்டு என்று நினைத்து ஒவ்வொன்றையும் நெஞ்சில் வைத்து நன்றி சொல்லிவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பை புடைத்துக்கொண்டே போனது, பாட்டு மட்டும் வரவில்லை. ஜுருக்காரர்கள் அண்ணனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் சம்பந்தமே இல்லாமல் தண்ணீர் பாட்டில்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்தபோது, கேட்க வராததற்கு இத்தனை வருஷம் அவர்மேல் வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பாவமாக இருந்தது.

அறிவிப்பாளர் சமாளித்தார். “பாடகர் வந்துக்கிட்டே இருக்காரு. பாலத்துல ஜாம்.”

எங்களைக் காப்பாற்றியவர் மைக் செட்காரர். அதுவும் வேண்டுமென்று செய்ததல்ல. பாடகருக்கென்று அவர் கொண்டுவந்த பெரிய மைக் ஒன்று மேடை நடுவில் அநாதையாக நின்றது. அதை என்ன செய்வது என்று அவருக்குப் புரியவில்லை. “பொண்ணோட அத்தை நீங்கதான?” என்று கேட்டு, மரியாதைக்காக அதை என் வயோலாவின் மூக்குக்கு நேரே வைத்துவிட்டு, கீழே இறங்கிப்போய்ச் சத்தத்தை முழுவதும் ஏற்றினார். நான் தலையை ஆட்டி மறுப்பதற்குள் டாக்டர் வால்ட்ஸுக்குக் கையைத் தூக்கிவிட்டார்.

மண்டபத்துச் சுவர்கள் அதிர்ந்தன. சக், சக். சக், சக். வயலின்களின் மெட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. டபுள் பேஸின் முதல் அடியும் இல்லை. அதன் இடத்தில் ஒரு ஓட்டை, அதற்குப் பிறகு பூதம் நடக்கிற மாதிரி நான். கரண்டிகள் நின்றன. எல்லா முகமும் மேடைக்குத் திரும்பியது. ஓடிவிடலாமா என்று நினைத்தேன், ஆனால் என் கை அதுபாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது.

அப்போது மாப்பிள்ளையின் மாமா, முன்மேசையில் இருந்தவர், அந்த ஓட்டையில் மேசையை ஓங்கி அறைந்தார். டப், சக், சக். பக்கத்து மேசை சேர்ந்துகொண்டது. டப், சக், சக். யாரோ “தகிட தகிட” என்று எடுத்துக்கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மண்டபமே முதல் அடியைத் தட்டியது, நான் மற்ற இரண்டையும் வாசித்தேன். ஜுருக்காரர்கள் எழுந்து ஆட ஆரம்பித்தார்கள். வால்ட்ஸுக்கு உருமி மேளத்து ஆட்டம் இவ்வளவு பொருந்தும் என்று யார் கண்டது? மணப்பெண் தோளை ஆட்டினாள். டாக்டர் அதிர்ந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். நடுவில் கைதட்டுவதையே தாங்காத மனிதருக்கு இப்போது தட்டல் நிற்கவே இல்லை. கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். அவரோ எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மண்டபத்தை நடத்த ஆரம்பித்தார். வால்ட்ஸ் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். அதற்குப் பிறகும் சொன்னார்.

பாயசம் சாப்பிடும்போது அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். எங்கள் முதல் வயலின்காரர் என் பக்கத்தில்தான் இருந்தார்.

“நீ ஒருத்திதான் வாசிச்ச. மத்தவங்க சும்மா கம்பிய ஆட்டிக்கிட்டு இருந்தாங்க, நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அவங்கள எதுக்கு லா கூட்டிட்டு வந்த?” என்றார் அண்ணன்.

விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு, எதற்கு என்று தோன்றியது. அண்ணன் என்ன சொல்கிறார் என்று வயலின்காரர் கேட்டார். எல்லோரும் பிரமாதமாக வாசித்தீர்களாம் என்று மொழிபெயர்த்தேன்.

அதற்கடுத்த எங்கள் கச்சேரி ஜார்ஜ்டவுனில். நான் யாரையும் அழைக்கவில்லை. மேடையில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால், முன்வரிசையில் லாரி ஐயாவுக்குப் பக்கத்தில் பூப்போட்ட பத்தேக் சட்டையில் அண்ணன், பட்டுச் சேலையில் அண்ணி. பாலத்தில் அன்று நிஜமாகவே ஜாம். முதல் பகுதி முழுவதும் அண்ணன் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தார். அது முடிந்தது. டாக்டர் கையை இறக்கவில்லை. மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கும் நேரம் அது. அண்ணன் எழுந்து நின்றார்.

“தங்கச்சி மைக்க யாரோ அணைச்சுட்டாங்க லா,” என்றார், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. “அவ வாசிக்கிறது ஒண்ணுமே கேக்கல.”

சிலர் உஷ் என்றார்கள். லாரி ஐயா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். எனக்கு எரிச்சலில் முகமெல்லாம் சுட்டது. அந்தச் சூட்டோடு கண்ணும் கலங்கியது, தாள் சரியாகத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் என் வயோலா கேட்கவில்லை என்று யாரும் புகார் சொன்னதில்லை.

டாக்டர் என்னைப் பார்த்தார். சத்தத்தைக் கூட்ட வேண்டாம் என்பது போல் லேசாகத் தலையை அசைத்தார். அடுத்த பகுதி தொடங்கியது. டாக்டர் முறைக்க முறைக்க, என் இரண்டு அடியையும் அண்ணனுக்குக் கேட்கும்படி வாசித்தேன்.