அழகம்மாள் வெளியே போனால் ஆஃப்லைன்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகள் முதலில் கேட்பது, "அண்ணே, வைஃபை கட் ஆகிக்கிட்டே இருந்தா எதை முதல்ல பாக்கணும்?" என்றுதான். ரவுட்டர், சிக்னல், வயர் என்று வரிசையாகச் சொல்லிக்கொடுப்பேன். கூடவே திருமயம் பக்கத்துப் பெரிய வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுவேன்.

நான் புதுக்கோட்டையில் கேபிள் டிவிக்கு வயர் இழுத்து, டிஷ் மாட்டி, இப்போது சிசிடிவியில் வந்து நிற்பவன். அந்த வீட்டுக்காரருக்குச் சென்னையில் தொழில். இந்தத் தெருவில் வாசல் என்றால் அடுத்த தெருவில் கொல்லை. அவ்வளவு பெரிய வீட்டில் குடியிருப்பது பின்கட்டு அறையில் ஒரே ஒருவர், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அழகம்மாள். வாசலிலும் கொல்லையிலும் கேமரா, மோட்டாருக்கு ஸ்மார்ட் சுவிட்ச், முன்னறையில் ரவுட்டர், அதற்கு நேர் மேலே ஒரு ஸ்மார்ட் பல்பு, எல்லாம் நான் மாட்டியவை. சென்னையில் உட்கார்ந்துகொண்டு இங்கே பல்பை எரியவிட்டுப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

ஒரு நாள் அவரிடமிருந்து போன் வந்தது.

"கேமரா தெனமும் ஆஃப்லைன் ஆகுதுங்க. அப்ப அந்தம்மாவுக்குப் போன் போட்டா கடையில இருக்கேங்குது. சுவிட்ச அணைச்சிட்டு என்னமோ பண்ணுது. நீங்க போய்ப் பாத்து ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, வேற ஆள வச்சுக்கிறேன்."

கேமரா பார்க்கத்தான் எனக்குத் தெரியும், ஆளை வேலையை விட்டு அனுப்புகிற வேலை எனக்கு எதற்கு? எரிச்சலோடுதான் வண்டியை எடுத்தேன்.

பல்பு சொன்ன சாட்சி

அழகம்மாள் முகம் வாடியிருந்தது. "நான் எந்த சுவிட்சயும் தொடலை தம்பி. ஐயா நம்ப மாட்டேங்கிறாரு. இந்த வேலை போனா இந்த ரூமும் போயிரும். நான் எங்கிட்டுப் போவேன்?"

வாசலில் சிக்னல் பார்த்தேன், கொல்லையில் பார்த்தேன். கோட்டைச் சுவர் மாதிரி தடித்த சுவர்தான், ஆனாலும் தாங்கும் அளவுக்கு இருந்தது. சேனல் மாற்றினேன், சாஃப்ட்வேர் அப்டேட் போட்டேன். நான் இருந்தவரை ஒரு கேமராவும் கண் மூடவில்லை. திருமயம் வந்து டீக்கடையில் டம்ளரைக் கையில் வாங்குவதற்குள் போன் வந்துவிட்டது.

"பாத்தீங்களா? நீங்க கெளம்பின ஒடனே அணைச்சிருச்சு."

என் போனிலும் அதே ஆப் இருந்தது. திறந்து பார்த்தேன். இரண்டு கேமராவும் ஆஃப்லைன், மோட்டார் சுவிட்சும் ஆஃப்லைன். முன்னறைப் பல்பு மட்டும் ஆன்லைன்.

"சார், ரவுட்டர அணைச்சிருந்தா பல்பும்ல போயிருக்கணும்? பல்பு இருக்கே."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க."

எனக்குத் தெரிந்தது. ரவுட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அதன் சிக்னல் அந்த அறையைத் தாண்டவில்லை. ஏன் என்றுதான் புரியவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

கடைக்குக் கிளம்புங்க

கதவு பூட்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அழகம்மாள் எண்ணெய்ப் பாக்கெட்டோடு வந்தார். என்னை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, திறந்து உள்ளே போனவர் கொல்லைக் கதவையும் திறந்துவிட்டு வருவதற்குள் எல்லாம் ஆன்லைனுக்கு வந்துவிட்டன.

"அக்கா, இப்ப மறுபடி கடைக்குக் கெளம்புங்க. எப்பவும் என்னென்ன செய்வீங்களோ, ஒண்ணு விடாம செய்யுங்க. நான் சும்மா நிக்கிறேன்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் செய்தார். ஜன்னலைச் சாத்தினார், கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார். அப்புறம் முன்னறைக்கு வந்து ரவுட்டரை இரண்டு கையாலும் பதமாகத் தூக்கினார். பக்கத்தில் இருந்த இரும்பு பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு நடுவில் அதை வைத்து, வயர்களைக் கதவின் கீழ்ச் சந்து வழியாக விட்டுப் பூட்டினார். ஃபைபர் வயர் ஒடிந்துவிடுமோ என்று குனிந்து பார்த்தேன். கையிலிருந்த போன் டிங் என்றது: வாசல் கேமரா ஆஃப்லைன்.

"அக்கா, இத ஏன் உள்ள வைக்கிறீங்க?"

"ஐயா சொன்னதுதான் தம்பி. வெலை கூடின பொட்டி, வெளியில போட்டுட்டுப் போகாதேன்னாரு. அணைக்கவும் கூடாதுன்னாரு. அதான் அணைக்காமப் பூட்டிட்டுப் போறேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வீடியோ கால் போட்டு, பீரோவைத் திறக்கச் சொல்லி, சேலைகளுக்கு நடுவில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த ரவுட்டரை வீட்டுக்காரருக்குக் காட்டினேன். இரும்புக்குள் வைத்தால் சிக்னல் தூரம் போகாது, சந்து வழியாகக் கசிவது நேர் மேலே இருக்கிற பல்புக்குத்தான் எட்டும் என்று விளக்கினேன். ஏன் உள்ளே வைத்தார் என்று அழகம்மாள் சொன்னதையும் சொன்னேன்.

"நான்தாங்க அப்படிச் சொன்னேன்" என்றார் அவர். "போன அவங்ககிட்ட குடுங்க."

அதுவரை 'அந்தம்மா' என்றவர், "அழகம்மா, மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

தம்பிகளே, இணைப்பு அறுந்துபோனால் அந்த வீட்டில் இருப்பவரை வெளியே கிளம்பச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். யார் மேல் தப்பு என்று அதற்கு முன்னால் வாயைத் திறக்காதீர்கள்.

அழகம்மாள் போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டே பீரோ பக்கம் போனார். ரவுட்டரை எடுத்துப் பழைய இடத்தில் வைத்து, முந்தானையால் தூசி துடைத்துவிட்டுத்தான் பேசினார்.

"இனிமே வெளியிலயே வைக்கிறேங்கய்யா. ஆனா காணாமப் போச்சுன்னா, மொதல்ல என்னைய நெனைக்காதீங்க."