பல் செட்டுக்கு வைத்திருந்த பணம்

வெர்னா டப்ஸுக்கு நான் முன்னூற்று அறுபது டாலர் கடன்பட்டிருந்தேன்.

எந்த பேங்க்கிலும் கைநீட்டாதவன் நான். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ஓட்டை டிரக்கில் கோழித் தீவனம் ஏற்றி வீடுவீடாக விற்று, இன்றைக்கு இந்த மிசிசிப்பி மண்ணில் ‘ஹார்கெட் தீவனக் கடை’ என்று பெயர்ப்பலகை மாட்டி உட்கார்ந்திருக்கிறேன். இந்த வட்டாரத்தில் ரக்கூன் என்கிற மரமேறிக் காட்டுப் பிராணியை வேட்டையாட நாய் வளர்க்கிறவர்கள் கூடிப் பேசும் இணையதளமும் என்னுடையதுதான். செய்து கொடுத்தது மருமகன் டூயி. ஆனால் யோசனை என் யோசனை. குட்டி வாங்குவது, விற்பது, சண்டை போடுவது எல்லாம் அதில்தான். நாய் காணாமல் போனால் ஒரு வரி எழுதினால் போதும், பக்கத்தில் இருக்கிற அத்தனை உறுப்பினர் போனுக்கும் செய்தி போய்விடும். அப்படி எத்தனையோ நாய்கள் வீடு திரும்பியிருக்கின்றன.

இவ்வளவு பெரிய ஆளைக் கடன்காரனாக்கிய வெர்னாவைப் பற்றி எழுதாவிட்டால் எனக்குத் தொண்டையில் எதுவும் இறங்காது.

வெர்னா முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பிறந்தநாள் வந்த பிள்ளைக்கு ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயும், தன் சீட்டுக்குப் பின்னால் உட்காரும் உரிமையும் கொடுப்பாள். அதனால் இந்தப் பக்கத்தில் பாதிப் பேரின் வயது அவளுக்கு அத்துப்படி. ஓய்வு பெற்றபின் தினம் காலையில் என் கடைக்கு வந்து, தீவன மூட்டைமேல் உட்கார்ந்து, என் காபியைக் குடிப்பாள். எதுவும் வாங்கமாட்டாள். நாயும் வளர்த்ததில்லை. யார் யாரோடு சண்டை என்று பார்ப்பதற்காகவே எங்கள் தளத்தில் சேர்ந்தவள். மேல்வரிசைப் பல் செட் உடைந்துபோய், பிஸ்கட் என்று நாங்கள் சொல்லும் ரொட்டியை இறைச்சிக் குழம்பில் ஊறவைத்துத்தான் விழுங்குவாள். புது செட்டுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் டூயி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

“மாமா, புதுச் சட்டம் வந்திருக்கு. ஜனங்க பேசிக்கிற தளம்னா, உள்ள வர்ற ஒவ்வொருத்தர் வயசையும் சரிபார்க்கணுமாம். பதினெட்டுக்குக் கீழன்னா பெத்தவங்க சம்மதம் வேணும். மீறினா அபராதம்.”

“நாயப் பத்திப் பேசறதுக்குமாடா?”

“சட்டத்துல நாய்க்கு விதிவிலக்கு இல்ல மாமா. வயசு பார்த்துக் குடுக்கவே கம்பெனி இருக்கு. தலைக்கு இவ்வளவுன்னு காசு.”

“நம்மகிட்ட வர்றவன் பாதிப் பேருக்குப் பல்லே இல்ல, அவன்கிட்ட வயசு கேக்கணுமா?” என்று சிரித்தேன். வெர்னா சிரிக்கவில்லை.

“வேற வழி இருக்கா?” என்று கேட்டேன். டூயி தயங்கித் தயங்கிச் சொன்னான். கேள்வியெல்லாம் நம் மாநிலத்துக்குள் இருக்கிறவர்களுக்குத்தான். போனில் வி.பி.என். போட்டுக்கொண்டால், நாம் வேறெங்கோ உட்கார்ந்திருக்கிற மாதிரி காட்டுமாம்.

“அப்ப நம்ம மாநிலத்துக்குக் கதவைச் சாத்து. எல்லாரும் அந்த வி.பி.என்.னைப் போட்டுக்கிட்டு வெளியூர்க்காரனா உள்ள வரட்டும். எப்படி என் மூளை?”

“யோவ் ராய்ஸ்,” என்றாள் வெர்னா. “நான் பஸ் ஓட்டின கடைசி அஞ்சு வருஷம் பிள்ளைங்க அடிச்சுக்கிறதையே விட்டுடுச்சு. பஸ்ஸுக்குள்ள சத்தமே இல்ல. எல்லாம் போனைப் பார்த்துக் குனிஞ்சுக்கிட்டு. ஒருநாள் ஒரு பொண்ணு அழுதுக்கிட்டே முன்னால வந்து, யாரோ ஒரு வளர்ந்த ஆம்பள அவளுக்கு அனுப்பியிருந்ததைக் காட்டினா. பஸ்ஸை ஓரங்கட்டிட்டேன். இந்தச் சட்டம் கோணல்தான், ஒத்துக்கறேன். ஆனா அதைக் கேட்டு நீ சிரிக்காத.”

“என் நாய்க்காரனுங்க அப்படியாம்மா?”

“நான் அப்படிச் சொல்லல. திருட்டுத்தனமா என் சொந்த ஊரையே மறைச்சுக்கிட்டு உள்ள வரமாட்டேன்னு சொல்றேன். எனக்கு அறுபத்தாறு வயசு. யார் கேட்டாலும் சொல்வேன்.”

அவள் மட்டும் வெளியே நின்றுவிட்டாள். மற்றவர்கள் எல்லோரும் என் பேச்சைக் கேட்டார்கள். டூயி வைத்திருந்த வரைபடத்தில் எங்கள் வேட்டைக்காரர்கள் டொராண்டோவிலும் சூரிச்சிலும் இருந்தார்கள். பக்கத்து மாநிலத்துக்குக்கூடப் போகாத கிளியோன் ஆம்ஸ்டர்டாமில் இருந்தான். நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டேன்.

ஜனவரியில் அடித்த காற்றில் கூண்டின் தாழ்ப்பாள் பிய்ந்து என் ஜூபிலி ஓடிவிட்டாள். கிழட்டுச் சிவப்பு வேட்டை நாய். என் மனைவி போனபிறகு வீட்டில் என்னோடு மூச்சு விடுகிற ஒரே ஜீவன். இருக்கும் இடத்தைக் காட்டும் கழுத்துப்பட்டை கடையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஓடையில் வெள்ளம். டூயியை விட்டுத் தளத்தில் போடச் சொன்னேன். முப்பது பேர் வருவார்கள் என்று பெரிய பாத்திரத்தில் காபி வைத்தேன்.

வந்தது ஒருத்தி. வெர்னா.

“மத்தவங்கெல்லாம் எங்க?”

“ஆம்ஸ்டர்டாம்ல,” என்றாள்.

அப்போதுதான் டூயிக்கு உறைத்தது. பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத்தானே செய்தி போகும்? கணக்குப்படி பக்கத்தில் ஒருவருமே இல்லை. உள்ளே வராமல் பழைய விலாசத்திலேயே நின்றுவிட்ட வெர்னாவின் போன் மட்டும்தான் மணியடித்திருக்கிறது. என் யோசனையில் குறை ஒன்றுமில்லை, அது அளவுக்கு மிஞ்சி வேலை செய்துவிட்டது, அவ்வளவுதான்.

வெர்னா காபியைத் தொடவில்லை. டிரக்கில் ஏறினாள். தன் பழைய பஸ் போகிற வழியிலேயே போய், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஹாரனை அழுத்தினாள். வளர்ந்து தாடி வைத்த ஆண்களெல்லாம் பழைய பழக்கத்தில் ஓடி வந்தார்களாம். மதியத்துக்குள் என் கடை வாசலில் டிரக் நிறுத்த இடமில்லை.

பழைய பருத்தி ஆலைச் சாலைக்கடியில், தண்ணீர் போகும் குழாய்க்குள், கம்பியில் கால் மாட்டிக் கிடந்தாள் ஜூபிலி. தண்ணீர் வயிறு வரைக்கும் ஏறியிருந்தது. உள்ளே இறங்கி அவளைத் தூக்கி வந்தது கிளியோன். நான் கயிறு பிடித்தேன். கயிறு பிடிப்பதும் லேசுப்பட்ட வேலையில்லை.

அன்று சாயங்காலமே தளத்தை மூடிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இனி ஒளிந்து வரும் வேலை உதவாது. நேர் வழிக்குக் காசு வேண்டும். அந்த வருஷம் கோழிகளுக்கு நோய் வந்து பண்ணைகள் காலியாகி, தீவன மூட்டைகள் தூசி பிடித்துக் கிடந்தன. வெர்னா எழுந்து போனாள்.

அடுத்த வாரம் டூயி வந்து, “வயசு பார்க்கிற கம்பெனிக்குப் முன்னூத்தி அறுபது டாலர் கட்டியாச்சு மாமா. கதவைத் திறந்துடலாம்,” என்றான்.

“யார் கட்டினது?”

அவன் கூரையைப் பார்த்தான். நான் தீவன மூட்டைமேல் இருந்த வெர்னாவைப் பார்த்தேன். பல் டாக்டரிடம் போகவேண்டிய நாள் தாண்டியும் அவள் இன்னும் பிஸ்கட்டைக் குழம்பில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

“நீ டாக்டர்கிட்ட போகல?”

“பழைய பல்லுக்கு என்மேல இன்னும் ஆசை விடல,” என்றாள்.

முகத்தைப் படம்பிடித்து வயது பார்க்கும் மெஷினை டூயி கடையிலேயே வைத்தான். பணம் கட்டினால் மட்டும் போதுமா? கிளியோன் மாதிரி ஆட்கள், முகத்தையும் லைசென்ஸையும் முகம் தெரியாத கம்பெனிக்குக் காட்டமாட்டோம் என்று முரண்டு பிடித்தார்கள்.

“அந்தப் படம் எவன் கையிலயாவது சிக்கினா, மிஸ் வெர்னா?”

“அந்த மூஞ்சியத் திருடிக்கிட்டுப் போய் அவன் என்னடா பண்ணுவான்? தொப்பியக் கழட்டு. தாடிய ஒதுக்கு. மெஷின் உன்னைப் புதர்னு நினைக்குது.”

சிரிப்போடு பாதிப் பேர் வழிக்கு வந்தார்கள். சிலர் கடைசி வரை வரவில்லை. அவர்களுடைய பயமும் பொய்யில்லை என்று வெர்னாவே சொன்னாள். அவர்கள் வீட்டு நாய் காணாமல் போனால் தான் நேரில் போய் ஹாரன் அடிப்பதாகவும் சொல்லியனுப்பினாள். இளவட்டங்களை அப்பா அம்மா கூட்டிவந்தார்கள். “உனக்கு மார்ச்லதான் பதினேழு, என்கிட்ட பொய் சொல்லாத,” என்று மெஷினுக்கு முன்னால் அவளே தீர்ப்புச் சொல்லிவிடுவாள்.

நான் என் பர்ஸைத் திறந்தபோதெல்லாம் அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“அது உனக்குக் குடுத்த காசு இல்ல ராய்ஸ். தளத்துக்குக் குடுத்தது. தளம் திருப்பிக் குடுக்கட்டும், வாங்கிக்கறேன்.”

“தளமே நான்தான்!”

“அப்படியா? அன்னைக்கு நாயத் தேட ஒருத்தருமே வரலையே.”

நான் பர்ஸை மூடிப் பையில் வைத்தேன்.

வசந்தத்தில் எங்கள் நாய்க் கண்காட்சி நடந்தது. தீவன வாளி ஒன்றைக் காலி செய்து ஜூபிலியின் கழுத்தில் மாட்டினேன். கால் நொண்டிக்கொண்டே அவள் வரிசை வரிசையாகப் போனாள். வாளி எதற்கென்று டூயி எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான். ஒற்றை டாலர், ஐந்து டாலர், வேர்க்கடலை விற்ற சில்லறை. மெஷினுக்கு முகம் காட்ட மறுத்தவர்களும் போட்டார்கள். கிளியோன் இருபது டாலர் போட்டான்.

வெர்னா வேலியோரம் உட்கார்ந்து, வறுத்த கெளுத்தி மீனை ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள். வாளியை அவள் முன்னால் வைத்தேன்.

“தளம் குடுத்தனுப்பிச்சிருக்கு. என் காசு ஒரு சல்லி இதுல இல்ல.”

அவள் வாளியை எட்டிப் பார்த்தாள்.

“எண்ணிக் குடு.”

“என்மேல நம்பிக்கை இல்லையா?”

“உன்மேல இருக்கு. உன் ஏழாங்கிளாஸ் கணக்குமேலதான் இல்ல.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அவள் விரலில் ஒட்டியிருந்த மீன் மசாலாவைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, பஸ் ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கையை விரித்து நீட்டினாள். நான் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக, ஒவ்வொரு நோட்டாக அந்தக் கையில் எண்ணி வைத்தேன்.