நாலு விரற்கடை மேலே, நாலு விரற்கடை வெளியே

திரை மாட்டுகிறவன் வேலை நேராக இருந்தால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். கோணலாக இருந்தால் பால் ஊற்ற வருகிறவர் வரைக்கும் நின்று பார்த்துவிட்டுப் போவார்.

ஏணியில் ஏறி அடுத்தவர் வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டுப் பிழைக்கிறவர்கள் இதைப் படிக்கிறீர்களா என்று தெரியவில்லை. கீழே சோபாவில் உட்கார்ந்திருப்பவர் காபியை உறிஞ்சிக்கொண்டே, "எடது பக்கம் லேசா எறங்குன மாதிரி இல்ல?" என்று கேட்டதும் இறங்கிய ஏணியில் மறுபடி ஏறுவோமே, அது தெரிந்தவர்கள் யாராயிருந்தாலும் நம் ஆட்கள்தான். பக்கத்தில் உட்காருங்கள், சொல்கிறேன்.

பத்து மணி வெயில்

சமயநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் பதினாலு வருசம் ராத்திரி வாட்ச்மேனாக இருந்தேன். ஊர் படுக்கிற நேரத்தில் சட்டையை மாட்டிக் கிளம்பி, ஊர் எழுகிற நேரத்தில் வந்து படுக்கிற பிழைப்பு. என் வீட்டு ஜன்னல் கிழக்கே பார்த்தது. ராத்திரி முழித்தவன் என்ற இரக்கமெல்லாம் மதுரை வெயிலுக்குக் கிடையாது. பழைய குடைத்துணிகளை ஒட்டுப்போட்டு நானே ஒரு கருப்புத் திரை தைத்து, ரெண்டு ஆணி அடித்துக் கம்பியில் மாட்டினேன். தூங்காத கண்ணால் குறி பார்த்து அடித்த ஆணிகள். ஒன்று மேலே, ஒன்று கீழே. ஒரு பக்கம் சந்து விட்டது. அந்தச் சந்து வழியாக வெயில் ஒரு கோடாக நுழைந்து, சரியாகப் பத்து மணிக்கு என் இடது கண்ணில் வந்து நிற்கும். நாலு தடவை ஆணியைப் பிடுங்கி மாற்றி அடித்தேன். வெயில் வருகிற நேரம்தான் மாறியது.

கடைசியில் உடைந்த நூல் பெட்டியிலிருந்து ஒரு சாண் அகலத்துக்கு ஒரு பலகைத் துண்டு எடுத்தேன். அதில் 'ட' எழுத்து மாதிரி ரெண்டு சட்டம் வைத்தேன், முன்னாலும் பின்னாலும் துருத்திக்கொண்டு நிற்கும்படி. ஜன்னல் குழியின் மேல் மூலையில் அந்தச் சட்டம் கச்சிதமாக மாட்டிக்கொள்ளும். பலகையில் ஒரே ஒரு துளை. மூலையிலிருந்து நாலு விரற்கடை மேலே, நாலு விரற்கடை வெளியே. துளையில் பென்சிலை விட்டுப் புள்ளி வைத்தால் அதுதான் ஆணி அடிக்கிற இடம். கட்டையைத் திருப்பி அடுத்த மூலையில் வைத்தால் அதே உயரம், அதே தள்ளல். அளவு நாடா வேண்டாம், கண்ணும் வேண்டாம். அன்றைக்குத் திரை இம்மி பிசகாமல் தொங்கியது. என் மனைவி செல்வி இருட்டான அறையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு கட்டைக்கு இருக்குற கண்ணு ஒங்களுக்கு இல்லாமப் போச்சே. சரி, இனிமேயாவது படுங்க."

மூன்றாவது போன்

அக்கம்பக்கத்தில் நாலு வீட்டுக்கு மாட்டிக் கொடுத்தேன். அப்படியே பேச்சு பரவி, டவுனில் திரைத்துணிக் கடை வைத்திருக்கிற ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. முப்பது வயசுக்காரர். நான் அவரை முதலாளி என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். பகலில் மாட்டுகிற வேலைக்கு நிரந்தரமாக ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

எனக்கோ மில்லை விட்டாக வேண்டும். அதற்கு முந்தின மாதம்தான் வேலை முடிந்து வரும்போது பைக்கிலேயே கண் அசந்து, ஒரு புளியமரத்துக்கு ஒரு சாண் முன்னால் முழித்தேன். வீட்டில் மூச்சு விடவில்லை. ஆனால் செல்வி வண்டி முகப்பில் சிக்கியிருந்த புளிய இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டாள். அவள் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. முதலாளியிடம் போய் நின்றேன். அவர் பேச்சு வெட்டு ஒன்று துண்டு ரெண்டு: "ஆவணி முடியிற வரைக்கும் பாப்போம்ணே. ரெண்டு கம்ப்ளைண்ட் வந்தா பொறுத்துக்கிருவேன். மூணாவது போன் வந்துச்சுன்னா என்னையத் தப்பா நெனக்காதீங்க."

ஏறிப்போன தரை

ராத்திரி மில், காலையில் மூணு மணி நேரத் தூக்கம், பிறகு ஏணி. முதல் பெரிய வேலை ஆபீசுக்குப் போகிற ஒரு கணவன் மனைவி வீட்டில். ஆறு ஜன்னல். தரை வரைக்கும் தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது, ஒரு விரல் இடைவெளி வேண்டும் என்றார் அந்த அம்மா. கட்டையை வைத்துப் புள்ளி போட்டு, அங்கிருந்து தரை வரை நாடா பிடித்து, ரெண்டு தடவை சரிபார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். துணி தைத்து வரப் பத்து நாள் ஆனது.

அந்தப் பத்து நாளில் அவர்கள் பழைய தரையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே சிமெண்ட் போட்டுப் புது டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். பளபளப்பைப் பார்த்து நன்றாயிருக்கிறதே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் ஏணியை விரித்தேன். மாட்டி முடித்து இறங்கிப் பார்க்கிறேன், ஆறு திரையும் ஒரே மட்டத்தில், ஒரே அளவில், தரையைப் பெருக்கிக்கொண்டிருக்கின்றன. டைல்ஸ் போட்டதால் தரை ஏறிவிட்டது என்று விளக்கினேன். அந்த அம்மா போனைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "நாங்க தரையத்தானே ஒசத்துனோம், நீங்க ஏன் ஸ்கிரீன எறக்குனீங்க?"

மூலை இல்லாத சுவர்

ஒரு போன் போயாயிற்று. அடுத்ததாகச் சோழவந்தான் போகிற வழியில், வயலை ஒட்டி, அதில் பயிர் வைக்கிற ஒரு சம்சாரி கட்டியிருந்த புது வீடு. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள், சனிக்கிழமையே திரை மாட்டியாக வேண்டும் என்றார். ஜன்னல்களை முடித்துவிட்டு ஏணியை மடக்கினேன். அவர் ஹாலில் வெறும் சுவரைக் காட்டி, "இங்ஙன ஒண்ணு மாட்டுங்க" என்றார். அங்கே ஜன்னல் இல்லை என்றேன். "அது எனக்குத் தெரியாதா? சொவரு வெறிச்சோடிக் கெடக்குல்ல, வாரவுக நேரா அதத்தானே பாப்பாக" என்றார்.

சிரிக்காதீர்கள். மூலை இருந்தால்தான் என் கட்டை பேசும். வெறும் சுவரில் அதை எங்கே வைப்பது? மட்டம் பார்க்கிற ரசமட்டமும் அன்றைக்குக் கொண்டுபோகவில்லை. கையில் இருந்ததெல்லாம் கட்டையும் அரைத் தூக்கக் கண்ணும்தான். கடைசியில் பக்கத்து ஜன்னலின் மேல் விளிம்போடு சேர்த்து ஒரு நூலை இழுத்துப் பிடித்து, சுவரில் சாக்பீஸால் ஒரு ஜன்னலையே வரைந்தேன். வரைந்த மூலையில் கட்டையை வைத்துப் புள்ளி போட்டேன். நூல் நழுவியதில் ரெண்டு தடவை அழித்து வரைய வேண்டியதாகிவிட்டது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த சம்சாரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஜன்னல வரைஞ்சிட்டீக, அப்பிடியே கொஞ்சம் காத்தும் வர்ற மாதிரி செஞ்சு விட்ருங்க."

பெருமாளின் சாப்பாடு

சம்சாரி வீட்டிலிருந்து போன் வரவில்லை. ஒரு வாரம் கழித்து அழகர்கோவில் ரோட்டிலிருந்து வந்தது. கோயில் பூஜையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வீட்டில், பூஜை அறை வாசலுக்கு நான்தான் திரை மாட்டியிருந்தேன். நைவேத்தியம் வைத்துவிட்டுத் திரையை இழுத்து மூடுவது அவர்கள் வழக்கம். சாமி சாப்பிடும்போது யார் கண்ணும் படக் கூடாது. பிறகு மணி அடித்துத் திறப்பார்கள். வழவழப்பான புது ராடு, பித்தளை வளையம், நிலையின் மூலையில் கட்டையை வைத்து அடித்த பிராக்கெட். ஒரு குறையும் இருக்காது என்றுதான் நினைத்திருந்தேன்.

பெரியவர் என்னை உட்காரவைத்து, திரையை இழுத்து மூடிக் காட்டினார். நாங்கள் ரெண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். மின்விசிறிக் காற்று லேசாகத் துணியைத் தொட்டது. முதல் வளையம் நகர்ந்தது. பின்னால் ஒன்று. அப்புறம் இன்னொன்று. வகுப்பு விட்டதும் பிள்ளைகள் போகிற மாதிரி எல்லா வளையமும் இடது பக்கம் போய்ச் சேர்ந்தன. பூஜை அறை முழுசாகத் தெரிந்தது. அப்போதுதான் உறைத்தது. அந்தப் பழைய வாசல் நிலையே இடது பக்கம் இறங்கியிருக்கிறது. என் கட்டை நிலையை நம்பியது, நான் கட்டையை நம்பினேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் என்னைக் கலக்கியது. மெதுவாகச் சொன்னார்: "பெருமாள் ரெண்டு வாய் சாப்பிடறதுக்குள்ள தெறந்து விட்டுடறயேப்பா."

கணக்கு டீச்சர்

ரசமட்டம் வைத்து அந்த ராடைச் சரி செய்தேன். வளையங்கள் நின்றன. ஆனால் ராடு மட்டமானதும் நிலையின் கோணல் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. வீட்டுக்கு ஒத்து மாட்டினால் திரை ஓடுகிறது. பூமிக்கு ஒத்து மாட்டினால் கோணலாகத் தெரிகிறது. ரெண்டு போன் ஆகிவிட்டது, ஆவணி முடிய இன்னும் பத்து நாள். சாப்பிடும்போது தட்டின் விளிம்பு மட்டமாக இருக்கிறதா என்று குனிந்து பார்க்க ஆரம்பித்தேன். மில் கேட்டில் நின்றுகொண்டு எதிர்க் கட்டடத்து ஜன்னல்களை அளந்துகொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் பசுமலையில் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் வீடு. தனியாக இருக்கிறவர். மேசையில் இரும்பு ஸ்கேல் கிடந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு வியர்த்துவிட்டது. கட்டையை வைத்து ரெண்டு புள்ளி போட்டேன். புள்ளிகளின் மேல் ரசமட்டத்தைப் பிடித்தேன். உள்ளே இருந்த குமிழி ஓரத்துக்கு ஓடியது. ஜன்னல் ஒரு பக்கம் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. ஏணி மேலேயே நின்றேன். எப்படி மாட்டினாலும் மூணாவது போன் நிச்சயம். பாதி பாதியாகச் சமாளித்து மாட்டிவிட்டு, ஆவணி முடியும் வரை அவர் கவனிக்காமல் இருக்க வேண்டிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் யோசித்தேன். புளியமரம் ஞாபகத்தில் இருந்தது.

பிறகு இறங்கி வந்து, "டீச்சர், ஒங்க ஜன்னல் கோணலா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் ஸ்கேலை எடுத்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறி அளந்தார். மறுபடி அளந்தார். இறங்கி வந்து, என் முன்னாலேயே கடைக்குப் போன் போட்டார். "ஒங்க ஆளு எங்க வீட்டு ஜன்னலு கோணலுங்கிறார்" என்று ஆரம்பித்தார். மீதியைக் கேட்க எனக்குத் தெம்பில்லை, வாசலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது என்ன செய்யலாம் என்று கேட்டார். ராடை ஒரு சாண் மேலே ஏற்றி மட்டமாக மாட்டினால் துணியே ஜன்னலின் விளிம்பை மறைத்துவிடும், கண்ணுக்கு ஒப்பிட ஒன்றும் இருக்காது என்றேன். திரை ஏற்கெனவே ஒரு முழம் அதிகமாகத் தொங்குகிற நீளம்தான். அப்படியே மாட்டினேன். டீச்சர் நாற்காலியைப் பழைய இடத்தில் இழுத்துப் போட்டார். பிறகு ஸ்கேலை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "முப்பது வருசமா இந்த ஜன்னல்கிட்ட ஒக்காந்துதான் நோட்டு திருத்துனேன். கோடு நேரா இல்லைன்னு பிள்ளைகளுக்கு மார்க்க வேற கொறச்சிருக்கேன்."

முதலாளியின் தீர்ப்பு

மறுநாள் கடைக்குப் போனதும் முதலாளி என்னை உட்காரச் சொன்னார். மேலே இருக்கிறவர்கள் உட்காரச் சொன்னால் நல்ல செய்தி இல்லை என்று மில்லில் கற்றிருக்கிறேன். அதனால் நின்றுகொண்டே இருந்தேன். டீச்சர் பேசியது கம்ப்ளைண்டா இல்லையா என்று அவருக்கே குழப்பமாக இருந்திருக்கிறது. குறை வீட்டின் மேல்தானே தவிர என் மேல் இல்லை என்று முடிவுக்கு வந்திருந்தார். ஒண்ணாம் தேதியிலிருந்து பகல் வேலைக்கு வந்துவிடச் சொன்னார். கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். வாசல் வரை போனவனைக் கூப்பிட்டு நிறுத்தினார்: "அண்ணே, இனிமே வீடு கோணல்னு சொல்றதா இருந்தா, அவங்க துணிய எடுத்து வெட்டுனப்பெறகு சொல்லுங்க."

கருப்புத் துணி

மில்லில் சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். பதினாலு வருசத்துக்குப் பிறகு என் வீட்டில் ராத்திரி படுத்தேன். அன்று சாயங்காலமே செல்வி அந்தக் குடைத்துணித் திரையைக் கழற்றி மடித்துவிட்டாள். "வெயிலே இல்லாத நேரத்துல இது எதுக்கு?" என்று கேட்டாள். நியாயம்தான். ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. யாரோ கேட்டைத் தட்டுகிற மாதிரியே இருந்தது. மூன்று தடவை எழுந்து தாழ்ப்பாளைப் பார்த்தேன்.

நாலாவது தடவை எழுந்தபோது செல்வியும் எழுந்தாள். கருப்புத் துணியை எடுத்து வந்தாள். கழற்றும்போது ஒரு ஆணி சுவரோடு பெயர்ந்திருந்தது. நான் கட்டையைத் தேடுவதற்குள் அவளே நாற்காலியில் ஏறி, கண்ணால் குறி பார்த்து வேறு ஆணி அடித்து மாட்டிவிட்டாள். படுத்தேன். ஒரு பக்கம் சந்து விட்டிருந்தது. தெருவிளக்கு ஒரு கோடாக நுழைந்து என் இடது கண்ணில் வந்து நின்றது. நான் சந்தைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டே சொன்னாள்: "கோணலா இருந்தா போன் போட்டுச் சொல்லுங்க, ரெண்டு கம்ப்ளைண்ட் வரைக்கும் நானும் பொறுத்துக்கிருவேன்."

ஊரில் இருக்கிற ஜன்னலுக்கெல்லாம் நாலு விரற்கடை மேலே, நாலு விரற்கடை வெளியே என்று கணக்கு வைத்திருக்கிறவனுக்கு, தூக்கத்தை மாட்ட எந்த மூலையில் கட்டையை வைப்பது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.