ஐந்து வயர்களும் ஏழாம் இலக்கமும்

எலுமிச்சம்பழப் பாதியை விரல் விரலாகத் தேய்த்து, முகர்ந்து பார்த்து, மீன் வாடை போய்விட்டதென்று மனம் ஒப்பிய பிறகுதான் பக்கீர் முகைதீன் ஜொய்ஸ்டிக்கைத் தொடுவார். காலையில் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிச் சாய்ந்தமருதுத் தெருக்களில் மீன் விற்கிறவர், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வேறு ஆளாகிவிடுவார். பழைய கேம் பெட்டியின் வயர் முனைகளை அழிறப்பரால் தேய்ப்பார், ஊதுவார், மறுபடியும் தேய்ப்பார். மீனைக்கூட அவ்வளவு பக்குவமாகக் கழுவியிருக்கமாட்டார்.

"ஊட்டுச் சிவரு வெடிச்சிக் கிடக்கு, அது இவர்ர கண்ணுக்குத் தெரியல்ல. டிவி கலங்கினா மட்டும் தெரியும்" என்று மனைவி கமீலா குசினிக்குள்ளிருந்து சொல்வாள். சுனாமி வீட்டுத் திட்டத்தில் கிடைத்த வீடு. சுவர் வெடித்திருப்பது உண்மைதான். முகைதீன் வயர் முனையை இன்னொரு தரம் ஊதுவார்.

அந்தக் கலங்கல்தான் அவருடைய தீராத கவலை. பெட்டியோடு வந்த மஞ்சள் வயர் எல்லா நிறத்தையும் ஒன்றாகக் குழைத்து அனுப்பும். புல் தெரியும், பந்து தெரியும். பந்தை வைத்திருக்கும் ஆட்டக்காரனின் பெயர் மட்டும் திரையின் மூலையில், நனைந்த காகிதத்து எழுத்தாக ஊறிக் கிடக்கும். அவை கேமோடு வந்த பெயர்கள் அல்ல. தம்பி இன்ஸாப் உட்கார்ந்து பதினொரு பேருக்கும் தெருப் பையன்களின் பெயரை எழுதி, ஏழாம் இலக்கத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டான். சுனாமிக்கு முதல்நாள் முகைதீன் சவளக்கடைக்கு, வயல் செய்யும் கூட்டாளி குணத்தின் வீட்டுக்கு விளையாடப் போய், இரவு அங்கேயே தங்கிவிட்டார். தம்பியும் வருகிறேன் என்றுதான் நின்றான். பின் சீட்டில் கேம் பெட்டியைக் கட்டியிருந்ததால் அவனுக்கு இடமில்லை. பெட்டி பிழைத்துவிட்டது.

படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்துக் கொண்டுவரும் வயர் கொழும்பில் கிடைக்கும் என்று அவருக்கு வெகுநாளாகத் தெரியும். ஆனால் யுத்த காலத்தில் கலர் கலரான வயர்க் கட்டோடு செக் பொயிண்ட்டைத் தாண்ட யாருக்குத் துணிச்சல் வரும்? யுத்தம் முடிந்த வருடம்தான் கொழும்புப் புறக்கோட்டைக்குப் போய் வாங்கிவந்தார். படத்துக்கு மூன்று, சத்தத்துக்கு இரண்டு. அப்போதும் வழியில் ஒரு சிப்பாய் பிடித்துக்கொண்டான்.

"கேம் விளையாடுற வயர் மாத்தயா எண்டன். ஏற இறங்கப் பாத்தான். நரைச்ச தாடியோட கேமாம்!" என்று வந்து கமீலாவிடம் சொன்னார்.

மாட்டிய அன்று திரை முழுக்கப் பச்சை. கமீலா விழுந்து விழுந்து சிரித்தாள். முதலில் பழைய மஞ்சள் வயரோடு பெட்டியின் மெனுவுக்குள் போய், நிறம் வரும் வழியை மாற்றிவிட்டுத்தான் புதியதை மாட்ட வேண்டும் என்பது பிடிபடச் சில நாட்கள் சென்றன. பிறகு தெளிந்தது பாருங்கள், அப்படியொரு தெளிவு! மூலையில் இன்ஸாபின் பெயர், எழுத்தெழுத்தாகப் பிரிந்து நின்றது. முகைதீன் வாய்விட்டு அழுதார்.

அடுத்த வெள்ளிக்கிழமை குணம் விளையாட வந்தார். ஆளுக்கொரு கோல். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் குணத்தின் ஆள் காலை வாரிவிட, ஏழாம் இலக்கம் விழுந்து எழும்பி நொண்டத் தொடங்கியது.

"மாத்துடா மச்சான், அவன் நொண்டுறான். வெளிய எடு" என்றார் குணம்.

"அவன் நிக்கட்டும்."

"தோத்துப்போவாய்!"

"தோத்தாத் தோக்கட்டும். இவன உட்டுட்டுப் போறதுக்கு என்னால ஏலாது."

அதற்குள் பந்து முகைதீனின் இன்னொரு ஆட்டக்காரனிடம் வந்துவிட்டது. குணத்தின் கோல் காப்பாளன் சறுக்கி விழுந்து கிடந்தான். கோல் வெறுமையாக இருந்தது.

முகைதீன் பந்தைத் திருப்பி, ஆட்டம் நிற்கட்டுமென்று கோட்டுக்கு வெளியே அடித்தார். ஜொய்ஸ்டிக்கை மடியில் வைத்துவிட்டு, ஏழாம் இலக்கம் நொண்டி நொண்டி வந்து சேரும்வரை காத்திருந்தார்.