பழசைக் கொடுத்தால்தான் புதுசு

எழுபதுகளில் காரைக்குடியில் நான் வேலை பார்த்த பம்பு கம்பெனியில், டிராயிங்குகளைப் பாதுகாத்தவர் ஒல்லியான மனிதர். காதில் எப்போதும் பென்சில் இருக்கும். டிராயிங் மாறினால், பழசைத் திரும்ப வாங்காமல் புதுசைத் தரமாட்டார், பாத்திரக்காரர் மாதிரி.

ஒருநாள் பம்பு மூடியின் டிராயிங்கில் துளையின் இடத்தை மாற்றி வரைந்தேன். பட்டறைக்குப் போயிருந்த பழைய டிராயிங் பிரதிகளில் ஒன்றைக் காணோம். அதைப் பார்த்து யாராவது துளை போட்டுவிட்டால் மூடியெல்லாம் காயலான் கடைக்குத்தான். வியர்த்துக் கொட்ட, விசிறிக்கொண்டே பட்டறைக்கும் அவர் அறைக்குமாக ஓடினேன்.

“அங்குட்டும் இங்குட்டும் ஏன் ஓடுறீக? எதை வச்சு விசிறுறீகன்னு பாருங்க” என்றார்.

பார்த்தேன். அதே டிராயிங்.

“முதல்லயே சொல்லக்கூடாதாண்ணே?”

“காத்து வாங்கிக்கிட்டு இருந்தீக. புடுங்கவா முடியும்?” என்று கையை நீட்டினார்.

முகத்தில் சிரிப்பே இல்லை. காதுப் பென்சில் மட்டும் ஏன் அப்படி ஆடியது என்பதுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.