நான்காம் துண்டில் இருந்த கை

இது நடந்தது. மணியும் நிமிடமும் என் வேலைக் குறிப்பேட்டில் உள்ளன; ஒன்றையும் பிறகு திருத்தவில்லை. குமாசி நகரின் அடும் என்ற பகுதியில் பதினோர் ஆண்டுகளாக இறந்தவர்களின் முகங்களைப் பெரிய பேனர்களில் அச்சிட்டு வருகிறேன். கற்பனைக்கு இந்தத் தொழிலில் இடமில்லை. முகத்தின் நிறம் சரியாக வரவேண்டும், அவ்வளவுதான்.

அன்று வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை விடியலில் சடங்கு என்றால் வெள்ளி இரவுக்குள் வீட்டு வாசலில் பேனர் கட்டப்பட்டிருக்க வேண்டும். பகல் 12.40க்கு மாமே தவியா என்ற அம்மாள் வந்தார். கறுப்புத் துணி உடுத்தித் தலையில் சிவப்புப் பட்டை கட்டியிருந்தார். வேறொரு கடையில் அச்சிட்ட பேனரை என் மேசைமேல் விரித்தார். அதில் அவருடைய இறந்த மகள் பிராகோ, இருபத்தாறு வயதுத் தையற்காரி, மோவாய்க்கு அடியில் இடக்கையைக் கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தாள்.

"இது யாரு, சொல்லுங்க மாஸ்டர்?"

பேனரின் ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.

"எந்த ஊரு வெள்ளைக்காரிய அடக்கம் பண்றீங்கன்னு என் நாத்தனார் கேக்குறா. என் பிள்ளை கறுப்பு. நல்ல கறுப்பு. அந்தக் கறுப்பு எனக்கு வேணும்."

"உடம்பைக் கிடத்தும்போது ஜனங்க பாப்பாங்கல்ல, மாமே?"

"பெட்டியத் திறக்கமாட்டோம்." பேனரை விரலால் தொட்டார். "அவங்க பாக்கப்போற முகம் இது ஒண்ணுதான். ஆறு மணிக்கு எங்க ஊரு மாம்போங்குக்கு வண்டி."

காரணத்தை நான் கேட்கவில்லை. 'சிறிது கால நோய்க்குப் பின்' என்று போடச் சொன்னார். அப்படியே போட்டேன். மகளின் படம் இருந்த பென்டிரைவைத் தந்துவிட்டு அவர் முன்கடை பெஞ்சில் போய் அமர்ந்தார்.

அன்றுதான் புதிய ஃபிளெக்ஸ் சுருளை மாட்டியிருந்தோம். சுருள் மாறினால் நிறமும் மாறும். முதலில் நூற்றுக்கணக்கான நிறக் கட்டங்களை அச்சிட்டுக் காயவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் நிறமானியால் அளந்து பிரிண்டரைத் திருத்த வேண்டும். வெளி வெளிச்சம் கண்ணை ஏமாற்றும் என்பதால் அச்சறையின் ஜன்னலில் சாம்பல் நிறத் திரை தொங்கும்; ஒரே ஒரு விளக்கு எரியும். கதவை நான் எப்போதும் உள்ளே தாழிட்டுக்கொள்வேன்.

1.10க்கு மழை பிடித்தது. உடனே மின்சாரம் போயிற்று. 1.22க்கு ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. அதன் சத்தம் வழக்கத்தைவிட அருகில் கேட்டது. அதைக் குறித்துக்கொண்டேன். யோசிக்கவில்லை.

2.05. முதல் சோதனைத் துண்டு வந்தது. ஒரு முழ நீளம். முகத்தை அளந்தேன், கண்ணுக்குத் தெரியாத அளவு பிழைதான் இருந்தது. நல்ல கறுப்பு. உள்ளங்கை மட்டும் எண்ணெய்ப்பனம்பழம் போலச் சிவந்திருந்தது. கணினித் திரையில் அந்தக் கை இயல்பாகவே இருந்தது. அச்சுத்தலையைத் துடைத்தேன். கட்டங்களை மறுபடி அச்சிட்டு, மறுபடி அளந்தேன்.

2.48. இரண்டாம் துண்டு. முகம் சரி. கை முன்னைவிடச் சிவப்பு. நகங்களும் சிவப்பு. மோவாய்க்கு அடியில் இருந்த கை ஒரு விரற்கடை விலகியிருந்தது. ஃபிளெக்ஸ் இழுபட்டிருக்கும் என்று முடிவு செய்தேன்.

கதவைத் தட்டினான் ஒக்யெரே. கடை அவனுடையது.

"ஒஃபோசு, அந்த அம்மா உக்காந்து என்னையே பாக்குது. முடிஞ்சுதா இல்லையா?"

"இல்ல. சிவப்பு ஏறுது."

"ஏறட்டுமே! சாவு வீட்டுல எல்லாரும் சிவப்புதான் கட்டப்போறாங்க."

"போய்யா."

"ஏன் குரல் குழறுது? சாப்பிட்டியா?"

சாப்பிடவில்லை. தலை வலித்தது. பசி என்று நினைத்தேன். மையின் நெடியில் வேறெந்த வாடையும் அந்த அறையில் தெரியாது. ஜன்னலின் மேற்சந்தில் வெளிச்சம் கசிவதாகத் தோன்றியது. பழைய பேனரை மடித்து அதையும் அடைத்தேன்.

3.31. மூன்றாம் துண்டு.

கை மோவாயைத் தாங்கவில்லை. கன்னத்துக்குப் பக்கத்தில், உள்ளங்கை என்னைப் பார்க்க நின்றது. கணினித் திரையைப் பார்த்தேன். அங்கே மோவாய்க்கு அடியில்தான் இருந்தது. மூன்று முறை பார்த்தேன். அவள் மட்டும் இரண்டிலும் ஒரேபோலச் சிரித்தாள்.

விட்டுவிட்டு வெளியே போயிருக்கலாம். முன்கடையில் அந்த அம்மாள் காத்திருந்தார். மகளைக் காட்ட அவரிடம் வேறு முகம் இல்லை. ஆறு மணிக்கு வண்டி. நிறமானி கையிலிருந்து நழுவியது. எடுத்தேன். மீண்டும் நழுவியது. "வந்துடும்மா... சரியா வந்துடு..." என்று யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

4.12. மஜெந்தா மையை முழுவதுமாக மூடினேன். மஜெந்தா இல்லாமல் என் பிரிண்டரில் சிவப்பு வராது. இதற்கு விதிவிலக்கு கிடையாது.

டக்... டக்... டக்...

நான்காம் துண்டு வந்தது.

முகம் இல்லை.

கை மட்டும் இருந்தது. சிவப்பு. விரல்கள் அகல விரிந்திருந்தன. விரல்களுக்குக் கீழே சாய்வாக ஒரு கறுப்புக் கோடு.

ஒரு முழத்தில் நிற்க வேண்டியது நிற்கவில்லை.

டக்... டக்...

இரண்டு முழம். கை பெரிதாகிக்கொண்டே வந்தது. அருகில் வருவதுபோல.

பின்வாங்கினேன்.

இல்லை... நெஞ்சில் ஏதோ அழுத்தித் தள்ளியது. குளிர்ந்திருந்தது.

முதுகில் கதவு இடித்தது.

தாழ் போட்ட கதவு.

தானாகத் திறந்தது.

பிறகு முகத்தில் மழை விழுவதை உணர்ந்தேன். கடைவாசலில் கிடந்தேன். எல்லாருக்கும் முந்திக் கத்தியவர் மாமே தவியா.

"ஜெனரேட்டர! மொதல்ல அத நிறுத்து! எங்கடா வச்சிருக்க அத?"

"மழைம்மா... நனைஞ்சிடும்னு மை அறைக்குள்ள..." என்றான் ஒக்யெரே. மை அறைக்கும் அச்சறைக்கும் நடுவில் இருப்பது பலகைத் தடுப்பு.

"பாவி! அந்தப் பொகையில ஆளக் கொல்லப் பாத்தியே! கதவு ஜன்னல் எல்லாத்தையும் திறடா!"

ஒரு மணி நேரம் கழிந்தது. ஜெனரேட்டரைக் கொல்லையில் வைத்து, அதற்குக் குடை பிடித்தபடி ஒக்யெரே நின்றான். அன்று அவன் அதன்பிறகு வேடிக்கை பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அச்சிட்டுவிட்டுப் போகிறேன் என்றேன். மஜெந்தாவைத் திறந்தேன். முதல் அளவீட்டை அப்படியே வைத்தேன். ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை. 5.41க்குப் பேனர் முழுவதும் வந்தது. கை மோவாய்க்கு அடியில் இருந்தது. கையின் நிறத்தில் இருந்தது.

மாமே தவியா அச்சிட்ட கன்னத்தில் விரல் வைத்தார்.

"இவதான்" என்றார். வண்டி 6.04க்குப் புறப்பட்டது.

ஒன்பது நாள் கழித்து, நான் எப்படி இருக்கிறேன் என்று பார்க்க வந்தார். ஜெனரேட்டர்தான் காரணம் என்று எல்லாருக்கும் முந்தி அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"அன்னிக்கும் மழை, மாஸ்டர். ஒரு கல்யாணத் துணிய விடியறதுக்குள்ள முடிக்கணும்னு, ஜெனரேட்டரக் கடைக்குள்ளயே வச்சு ஷட்டர இறக்கிட்டுத் தைச்சிருக்கா. நோயும் இல்ல, ஒண்ணும் இல்ல; அந்த விஷப்பொகைதான். அவளக் குளிப்பாட்டுனது நான்தான். உள்ளங்கையும் நகமும் எண்ணெய்ப்பனம்பழம் மாதிரி செவந்து கெடந்துது. அந்தப் பொகை ஏறுனா அப்படித்தான் செவக்குமாம். ஜனங்க கண்டா சூனியம்பாங்க. அதான் பெட்டியத் திறக்கல."

நான்காம் துண்டை எடுத்து விரித்தேன். மஜெந்தா மூடியிருந்ததைச் சொன்னேன். அவருக்கு அது புரியவில்லை. எனக்கும் இன்றுவரை புரியவில்லை. அந்தக் கறுப்புக் கோடு அச்சுத்தலை கீறியதாக இருக்கும் என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். அழவில்லை.

"இது ஷட்டர் கம்பி" என்றார். "கம்பிமேல கைய வச்சுத் தள்ளிக்கிட்டே கெடந்தா. எவ்வளவு தேச்சும் அவ கையில இந்தத் தடம் போகல."

தன் உள்ளங்கையை அந்தக் கைமேல் வைத்தார்.

"அவ தள்ளுன கதவு திறக்கவே இல்ல, மாஸ்டர்."