பித்தளை வேண்டாம்

பித்தளைக் குழாய் வேண்டாம் என்று நான் சொன்னதும், முந்தல் ஊர் ஹார்ட்வெயார் கடைக்கார நானா கையில் இருந்ததை மேசையில் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பம்பு எண்டா பித்தளைதான் தங்கச்சி. எங்கட வாப்பா காலத்திலேயிருந்து அதுதான்.”

“பித்தளையில செம்பு இருக்கு நானா. உப்புக் காத்துக்குப் பச்சை பூக்கும். அது கழுவுப்பட்டுத் தொட்டிக்குள்ள போனா இறால் குஞ்சு தாங்காது.”

“அப்ப இரும்பு?”

“துருப்பிடிச்சா உள்பக்கம் சொரசொரத்துப் போகும். உள்ள தள்ளுற டயர் டியூப்பை அறுத்துடும்.”

“பேப்பருக்கு எழுதுறவங்களுக்கு எதைக் காட்டினாலும் குறைதான்” என்று சொல்லிக்கொண்டே அவர் பின்னால் போய், நான்கு அங்குல பிவிசி குழாயில் வெட்டி மிஞ்சிய ஒரு துண்டைக் கொண்டுவந்தார். என் கை நீளம் இருந்தது. உள்ளே விரலை விட்டுச் சுற்றிலும் தடவிப் பார்த்தேன். கீறல் இல்லை. எடுத்துக்கொண்டேன்.

எரிபொருளுக்கு மக்கள் நாள்கணக்காக வரிசையில் நின்ற வருடம் அது. அந்த வரிசைகளைப் பற்றித்தான் நான் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முந்தலுக்கும் உடப்புக்கும் இடையில், கடல்நீர் புகும் களப்பின் ஓரமாக, அக்காவுக்கு ஒரே ஒரு இறால் குளம் இருக்கிறது. முந்திய போகம் முழுவதும் வெள்ளைப்புள்ளி நோயில் போய்விட்டது. இந்த முறை குஞ்சு வந்து இறங்கிய நாளுக்கு முதல் நாள் பெருமழை பெய்து குளத்தின் உப்பைக் குறைத்துவிட்டது. அந்தத் தண்ணீரில் விட்டால் குஞ்சு சாகும். மின்சாரம் இருக்கும் நேரங்களில் களப்புத் தண்ணீரை ஏற்றி உப்பைச் சரிசெய்ய மூன்று நாள் வேண்டும். அதுவரை குஞ்சுகள் வரம்புக்கு அருகிலுள்ள சீமெந்துத் தொட்டியில் இருந்தன. அவ்வளவு நெருக்கமாகக் கிடப்பவற்றுக்கு விடாமல் காற்று வேண்டும். எங்கள் பகுதியில் பகல் பன்னிரண்டு மணிக்கு நின்றுபோகும் மின்சாரம் நான்கு மணிக்குத்தான் வரும்.

அடுத்த பண்ணைக்காரரிடம் ஜெனரேட்டர் இருந்தது, டீசலும் இருந்தது. எப்படி வந்த டீசல் என்று நான் கேட்டிருக்கலாம், அன்றைக்குக் கேட்கவில்லை. குஞ்சு வந்த முதல் நாளே அவர் வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார்.

“இதுகள என்ட குளத்தில ஊத்து புள்ள. உன்ட குளத்தையும் இந்தமுறை எனக்குக் குத்தகைக்குத் தந்திடு. ஏன் கஷ்டப்படுற?”

அந்தக் குளத்தை அவர் கேட்பது மூன்றாவது தடவை. குஞ்சு செத்தால் அக்காவால் அந்தப் போகத்தில் இன்னொரு முறை குஞ்சு இறக்க முடியாது. அவரே கேட்காவிட்டாலும் குளம் அவரிடம் போய்ச் சேரும். மூன்று பேருக்கும் அது தெரிந்திருந்தது.

“கையால காத்தடிச்சுப் பாக்கிறம் அண்ணே” என்றாள் அக்கா.

“காத்தடிக்கிறதெண்டா சைக்கிளுக்கு அடி. இறாலுக்கு அடிக்கேலுமா?”

அவர் போன பிறகு அக்கா சொன்னாள்: “அந்தாள்ர டீசல்ல வளருற இறால் எனக்கு வேணாம்.”

அன்று நான்கு மணித்தியாலமும் வாளியால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். காற்றுக் கலந்தது உண்மை. ஆனால் வாளியோடு குஞ்சுகளும் வந்து விழுந்து அடிபட்டன. கையால் அடிக்கும் காற்றுப் பம்பு ஒன்று செய்யலாம் என்று, இரண்டாம் நாள் காலையில்தான் நான் முந்தலுக்குப் போனேன்.

குழாய்க்குப் பிறகு டியூப். சைக்கிள் டியூப் மெல்லியது. நான்கு அங்குலத்துக்கு அகலமும் போதாது. சந்தியில் டயர் ஒட்டுபவரிடம் பழைய லொறி டியூப் ஒன்று கிடந்தது. “எடுத்திட்டுப் போங்க நோனா, நாய்கூடப் படுக்காது” என்றார். அதில் குழாயின் வாயைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக ஒரு வட்டம் வெட்டினோம். உள்ளே தள்ளும்போது விளிம்பு கிண்ணம் போல் மடியும். அழுத்தினால் சுவரோடு ஒட்டும். இழுத்தால் சுருங்கி மேலிருந்து காற்றை உள்ளே விடும். காற்று உள்ளே வரத் தனி வழி வைக்கத் தேவையில்லை. வெளியே போகும் துவாரத்துக்கு மட்டும் சைக்கிள் டியூப்பில் ஒரு நாக்கு வெட்டி வைத்தோம்.

டியூப் வட்டத்தை இரண்டு பக்கமும் தாங்கத் தட்டுகள் வேண்டும். பலகை ஈரத்தில் ஊதும். அக்காவின் குசினியில் மரக்கறி வெட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு இருந்தது. நான் அதை அறுக்கத் தொடங்கிய பிறகுதான் அவள் கண்டாள்.

“இனி மீனை உன்ட தலையில வெச்சுத்தான் வெட்டவேணும்.”

தண்டுக்கு மண்வெட்டிப் பிடி. காற்றுப் போக ஒரு மெல்லிய ஹோஸ். அதன் நுனியை அடைத்து, ஊசியைச் சுடவைத்துத் துவாரங்கள் குத்தினோம். தொட்டியில் குமிழி விட வழக்கமாகப் போடும் கடைக் காற்றுக்கல்லுக்குக் கையழுத்தம் போதவில்லை.

பதினொன்றரைக்குப் பம்பு தயார். தள்ளினால் கிறீச்சிட்டு இறுகியது. அக்கா உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து குழாய்க்குள் தாராளமாக ஊற்றினாள். தென்னந்தோட்டத்து வீடுகளில் யோசித்துச் செய்யும் காரியமில்லை அது. வாசல் படலை கிறீச்சிட்டாலும், தையல் மெஷின் இறுகினாலும், சைக்கிள் சங்கிலி சத்தம் போட்டாலும் அந்தப் போத்தல்தான் வரும். நானும் பக்கத்தில்தான் நின்றேன். செம்பு ஆகாது என்று கடையில் வாதாடிவிட்டு வந்தவள், எண்ணெயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பம்பு வழுக்கிக்கொண்டு போனது. குமிழிகள் அழகாக எழும்பின. அரை மணித்தியாலத்தில் தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் விரிந்தது. குமிழிகள் உடையாமல் மேலே நின்றன. குஞ்சுகள் தொட்டிச் சுவரோரம் ஒதுங்கின.

“எண்ணெய்” என்றேன்.

“கடவுளே, நான்தானே ஊத்தினேன்.”

“நானும்தானே நின்டேன். அழாத, பேப்பர எடு.”

பக்கத்திலேயே இருந்த என் வீட்டில் அடுக்கிக் கிடந்த பழைய பத்திரிகைகளை விரித்துத் தண்ணீரின் மேல் ஒவ்வொன்றாகப் போட்டு, எண்ணெய் ஊறியதும் இழுத்தெடுத்தோம். ஒருவர் வாளியால் ஊற்ற, ஒருவர் தாளை விரிக்க, படலம் மெல்ல மெல்லக் கழன்றது. வெள்ளைக் கோப்பையில் மொண்டு பார்த்தபோது செத்தவை வெள்ளையாக அடியில் கிடந்தன. நீந்தியவை அவற்றைவிடக் கூடுதல். அக்கா இரண்டு முறை மொண்டு பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அதைக் கழுவு” என்று பம்பைக் காட்டினாள்.

குழாயைச் சாம்பல் போட்டுக் கழுவினேன். எண்ணெயில் ஊதிய டியூப் வட்டத்தை எறிந்துவிட்டு வேறொன்று வெட்டி, ஹோஸையும் நாக்கையும் புதிதாக மாற்றினோம். இனி எதைப் போட்டு வழுக்க வைப்பது? சவர்க்கார நுரை குஞ்சுக்கு நஞ்சு. கிறீஸும் எண்ணெய்தான். களப்புத் தண்ணீர் காய்ந்தால் உப்புப் படிந்து அராவும். கடைசியில் கிணற்றுத் தண்ணீர். ஒரு சிரட்டை ஊற்றினால் பத்து நிமிடம் ஓடியது. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் பன்னிரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை மாறி மாறி அடித்தோம். அக்காவின் உள்ளங்கையில் இரண்டு கொப்புளங்கள் உடைந்தன. துணியைச் சுற்றிக்கொண்டு அடித்தாள். பக்கத்துப் பண்ணை ஆட்கள் வேலையை விட்டுவிட்டு அணையில் உட்கார்ந்து பார்த்தார்கள். “அக்கா, டயர் இறுகிட்டா?” என்று ஒருவன் கத்தினான். “உன்ட முதலாளிக்கும் சேத்துத்தான் அடிக்கிறன்” என்று அவள் திரும்பிக் கத்தினாள். அவர்களே சிரித்தார்கள்.

நான்காம் நாள் காலை குளத்தின் உப்பும் தொட்டியின் உப்பும் ஒத்துப்போயின. குஞ்சுகளைப் பிளாஸ்டிக் பேசின்களில் அள்ளி வரம்பின் மேல் வைத்தோம். பண்ணைக்காரர் தன் பக்கத்திலிருந்து ஏறி வந்து, முதல் பேசினுக்கு முன்னால் நின்று குனிந்து பார்த்தார்.

“நல்லாச் செத்திருக்குப் போல. முக்கால்வாசிகூட இராது.”

அவர் சொன்னது பொய்யில்லை. எத்தனை மிஞ்சின என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. அறுவடை வரை யாருக்கும் தெரியவும் முடியாது.

“இருக்கிறது எங்கட” என்றாள் அக்கா. துணி சுற்றிய கையோடு பேசினைத் தூக்கினாள். அவர் நகரவில்லை.

“அண்ணே, நீங்க நிக்கிறது எங்கட வரம்பு. இறங்குங்க. குஞ்சு விடவேணும்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் அடுத்த பேசினைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நின்றேன். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தன் பக்கம் இறங்கினார். அக்கா அவர் நின்ற இடத்திலேயே குந்தி, பேசினின் விளிம்பைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினாள்.